வெளிநாடு போக ஏஜெண்ட் வைக்கலாமா, வேண்டாமா?

"சார், ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா, வேண்டாமா?"

சண்டிகருக்கு மாற்றலாகி வந்தபிறகு நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கிளையில் கேட்கிறார்கள். 31-ஆம் செக்டார் முருகன் கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்கிறார்கள். புனேயிலிருந்தும் நொய்டாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். நான் குடியேற்ற வக்கீல் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டும் ஆசாமி. ஆனாலும் என்னிடம் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களின் பணம் ஏதாவது ஒரு வங்கியின் கவுன்ட்டரைத் தாண்டித்தான் போகவேண்டும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஊரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் டீக்கடை எப்படியோ, இங்கே இமிக்ரேஷன் ஆபீஸ் அப்படி. ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒன்று. ஜலந்தர் பக்கம் கிராமங்களில் வெளிநாடு போனவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விமான வடிவத்தில் இருக்கும். தல்ஹன் என்ற கிராமத்துக் குருத்வாராவில் விசா கிடைக்க வேண்டிப் பொம்மை விமானம் காணிக்கை வைப்பது பிரசித்தம். சிரிக்கவேண்டாம், நம் பல்லாவரத்திலும் விசா பிள்ளையார் இருக்கிறார். ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த ஆசையைச் சுற்றி ஒரு பெரிய வியாபாரம் நடப்பது இங்கே கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, அவ்வளவே.

முதலில் என் கட்சி எது என்று சொல்லிவிடுகிறேன். படிவம் நிரப்புவதற்கு ஏஜெண்ட் வைக்காதீர்கள். உங்கள் வழக்கில் சிக்கல் இருந்தால், அந்தச் சிக்கலுக்காக, உரிமம் உள்ள ஒருவரை வையுங்கள். சிக்கல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றால், அதைத் தெரிந்துகொள்ள மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள். இனி வருவதெல்லாம் இதற்கான விளக்கம்.

ஏஜெண்ட் கையில் என்ன இல்லை?

வங்கியில் வீட்டுக்கடனுக்கு ஏஜெண்டுகள் ஃபைல் கொண்டுவருவார்கள். சில ஃபைல்கள் அழகாக அடுக்கி, வரிசை எண் போட்டு வரும். படிக்க சுகமாக இருக்கும். ஆனால் கடன் வாங்குபவரின் சம்பளம் போதவில்லை என்றால் போதவில்லைதான். ஃபைலைக் கொண்டுவந்தது யார் என்று பார்த்து எந்த அதிகாரியும் சாங்ஷன் போடுவதில்லை. விசாவும் அதே மாதிரிதான். முடிவெடுப்பது அந்த நாட்டு அரசாங்கத்தின் அதிகாரி. ஏஜெண்ட் அவருக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். 189 என்கிற சுதந்திரமான தொழில்திறன் விசாவுக்கு வயது, ஆங்கிலம், படிப்பு, அனுபவம் என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் 65 வேண்டும். அழைப்பு வர நடைமுறையில் அதற்கு மேலேயே தேவைப்படும். வயது 25 முதல் 32 வரை என்றால் 30 மதிப்பெண். 40 முதல் 44 வரை என்றால் 15. அழைப்பு வரும் நாளில் 45 ஆகியிருந்தால் கதை முடிந்தது. இந்தக் கணக்கை ஏஜெண்ட் மாற்ற முடியாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2015 ஜனவரியில் தொடங்கியது. அதுவும் இப்படித்தான்: 1200-க்கு ஒரு மதிப்பெண், அதை வைத்து வரிசை. இரண்டு நாட்டிலும் வரிசையில் பெயர் போட்டுவைப்பது இலவசம். இரண்டு அரசாங்கங்களும் ஏஜெண்ட் வைப்பது கட்டாயமில்லை என்று தங்கள் தளத்திலேயே சொல்கின்றன. வைத்தால் சலுகையும் கிடையாது.

எங்கள் வட்டார அலுவலகத்தில் ஒரு நண்பர். வயது 46. ஆஸ்திரேலிய நிரந்தரக் குடியுரிமைக்கு "ஃபைல் ஓப்பன்" செய்ய ஓர் ஏஜென்சிக்கு நாற்பதாயிரம் கட்டியிருந்தார். "வயசுக்கு ஏதோ ரிலாக்சேஷன் வரப்போகுதாம் சார்" என்றார். அரசுத் தளத்தில் வயது வரம்புப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். ஐந்து நிமிடம் பேசவில்லை. கட்டிய பணம் "நான்-ரீஃபண்டபிள்" என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்தப் பக்கத்தைப் படிக்க ஐந்து நிமிடம் மட்டும்தான்.

கையெழுத்து உங்களுடையது

என் வாதத்தின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஏஜெண்ட் வைத்தால் பொறுப்பும் அவரிடம் போய்விடுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். போகாது. விண்ணப்பத்தின் கடைசியில் "மேலே சொன்னதெல்லாம் உண்மை" என்று சொல்வது நீங்கள். பொய்த் தகவல் என்று கண்டுபிடித்தால் கனடா ஐந்து வருடம் உள்ளே விடாது. 2014 நவம்பருக்கு முன் இது இரண்டு வருடமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் போலி ஆவணம், பொய்த் தகவல் என்று மறுத்தால் பொதுவாக மூன்று வருடத் தடை. அது விண்ணப்பத்தில் உள்ள மனைவி, குழந்தைகளையும் சேர்த்துப் பிடிக்கும். "நான் செய்யலை, ஏஜெண்ட் செஞ்சான்" என்பது நம் வீட்டில் எடுபடும், அங்கே எடுபடுவது கடினம்.

2023-இல் நடந்தது இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. சில வருடங்களுக்கு முன் கனடாவுக்குப் படிக்கப்போன மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாப் பிள்ளைகள், படித்து முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டார்கள். நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான், விசாவுக்குக் காட்டிய கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்று தெரிந்தது. கடிதத்தை வாங்கித் தந்தது ஊரிலிருந்த ஏஜெண்ட். நாடு கடத்தும் நோட்டீஸ் வந்ததோ மாணவர்களுக்கு. தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அந்த வருடம் ஜூனில் கனடா அரசு ஒரு குழு போட்டு, ஒவ்வொரு வழக்காகப் பார்த்து, உண்மையில் ஏமாந்தவர்களை நிறுத்திவைக்க வழி செய்தது. 2023 டிசம்பர் 1 முதல் அனுமதிக் கடிதத்தைக் கல்லூரியிடமே சரிபார்க்கும் முறையும் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் அதற்குள் பட்ட பாடு? கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் நேரடியாகப் போட்டிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். யாரும் போடவில்லை. "அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை, நிலத்தை அடகு வைத்த அப்பா, ஆங்கிலத்தில் படிவம். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. நாம் படித்தவர்கள், வருடாவருடம் வருமான வரிக் கணக்கு நாமே போடுகிறவர்கள்.

எல்லா ஏஜெண்டும் ஒரே ஜாதி இல்லை

போர்டில் "ஏஜெண்ட்" என்று போட்டவர் எல்லாம் ஒன்றல்ல. குறைந்தது மூன்று வகை.

ஒன்று, வேலைக்கு ஆள் எடுப்பவர். வளைகுடாவுக்கு அனுப்புகிறவர்கள் இந்த வகை. இவர்கள் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இதைவிட அதிகம் கேட்டால், கேட்கிற இடமே சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டு, படிக்க அனுப்புகிறவர். "எங்க சர்வீஸ் ஃப்ரீ சார்" என்பார். ஃப்ரீ எப்படி? கல்லூரி அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் எந்தக் கல்லூரி அதிகம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் கை நீள்வது மனித இயல்பு. மியூச்சுவல் ஃபண்டு விற்கும் எங்கள் தொழிலிலும் பார்த்திருக்கிறோமே!

மூன்று, குடியேற்ற ஆலோசகர். நம் கேள்வி இவரைப் பற்றியது. இங்கே ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு மாதிரி.

கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல வக்கீல்கள், கியூபெக் நோட்டரிகள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே அனுமதி. ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2021 நவம்பரிலிருந்து இதைப் பார்க்கிறது. இந்தியாவில் உட்கார்ந்து செய்தாலும் இதே விதிதான். உரிமமில்லாதவர் காசு வாங்கிச் செய்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம், மறுக்கலாம். நியூசிலாந்தும் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, வெளிநாட்டில் இருக்கும் ஆலோசகருக்கும் உரிமம் கேட்கிறது. பிரிட்டனில் இதைக் கவனிக்கும் அமைப்புக்கு 2025 ஜனவரியில் குடியேற்ற ஆலோசனை ஆணையம் என்று பெயர் மாற்றினார்கள்.

ஆஸ்திரேலியாவில்தான் ஒரு நெளிவு. அந்த நாட்டுக்குள் ஆலோசனை சொல்ல ஓமாரா என்ற அலுவலகத்தில் பதிவு வேண்டும், அல்லது வக்கீலாக இருக்கவேண்டும். வெளிநாட்டில் இருந்து தொழில் செய்பவருக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆக, இங்கே 17-ஆம் செக்டாரில் கங்காரு படம் போட்ட போர்டு மாட்டியவருக்கு எந்தப் பதிவும் இல்லாமலே இருக்கலாம். அது குற்றமும் ஆகாது. பஞ்சாப் அரசு 2012-இல் தனிச்சட்டம் கொண்டுவந்து பயண ஏஜெண்டுகளும் ஆலோசகர்களும் உரிமம் எடுக்கவேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் அது கடை நடத்த உரிமம். ஆஸ்திரேலியச் சட்டம் தெரியும் என்பதற்குச் சான்று அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது நம்மாட்கள் வழக்கம். "கவர்ன்மென்ட் லைசென்ஸ் சார்" என்று கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். எந்த கவர்ன்மென்ட், எதற்கு லைசென்ஸ் என்று கேளுங்கள்.

நேர்க்கோட்டு வழக்கு

என் மச்சினன் புனேயில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். வயது 31. ஒரே துறையில் படிப்பு, அதே துறையில் வேலை, இரண்டே கம்பெனி, கல்யாணமாகி ஒரு குழந்தை. இதுவரை எந்த நாட்டிலும் விசா மறுப்பு இல்லை. அவனிடம் ஓர் ஏஜென்சி கேட்டது ஒன்றரை லட்சம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 1,77,000.

"அத்தான், டென்ஷன் இல்லாம வேலை முடியும்னா குடுத்துடலாம்னு பார்க்கறேன்."

"மாப்ளே, அந்த காசுல அவன் என்ன செய்வான்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கு. அப்புறம் பேசுவோம்."

எழுதி வாங்கினான். ஒன்பது வரிகள். அதில் ஆங்கிலத் தேர்வு எழுதுவது அவன். கம்பெனியிடம் அனுபவக் கடிதம் வாங்குவது அவன். போலீஸ் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நிற்பது அவன். மருத்துவப் பரிசோதனைக்குப் போவது அவன், மனைவி, குழந்தை. தொழில் மதிப்பீட்டுக் கட்டணமும் விசாக் கட்டணமும் தனி. 189-க்கு 2024 ஜூலையில் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் 4,765 ஆஸ்திரேலிய டாலர் என்று வைத்தார்கள். மனைவிக்கும் குழந்தைக்கும் மேற்கொண்டு. இதெல்லாம் போக ஏஜென்சி செய்வது இவன் அனுப்பும் காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதும், "ஸ்டேட்டஸ் என்ன" என்று கேட்டால் "அண்டர் பிராசஸ்" என்று பதில் சொல்வதும். அதற்கு 1,77,000!

தானே செய்கிறேன் என்று உட்கார்ந்தான். அவன் மனைவிதான் பொறுமைசாலி, விதிகளை வரிவரியாகப் படித்தவள் அவள். அவள் கண்ணில்தான் முக்கியமான ஒன்று பட்டது. கணினித் துறைக்கு மதிப்பீடு செய்யும் ஏ.சி.எஸ்., தொடக்கத்து வருடங்கள் சிலவற்றைத் தகுதி அடைவதற்கான காலம் என்று கழித்துவிட்டு, இந்தத் தேதிக்குப் பிறகு உள்ள அனுபவம்தான் கணக்கு என்று கடிதம் தரும். அதைக் கவனிக்காமல் மொத்த வருடங்களுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டால், அழைப்பு வந்து பணம் கட்டியபிறகு விசா மறுக்கப்படும். கட்டிய பணம் திரும்பாது. இந்தத் தவறில் விழுந்தவர்கள் நிறையப் பேர். அதில் ஏஜெண்ட் மூலம் போனவர்களும் உண்டு. தன் வேலைக்கு எவ்வளவு வருடம் என்று தன் வீட்டுக்காரிக்குத் தெரிவதுபோல் ஏஜென்சியில் உட்காரும் பையனுக்குத் தெரியுமா?

இன்னொரு பயம் நமக்கே உரியது. பெயர். பள்ளிச் சான்றிதழில் ஆர். குமார். பாஸ்போர்ட்டில் குமார் ராமசாமி. பான் கார்டில் ராமசாமி குமார். வங்கியில் குமார் ஆர். வடக்கத்தி ஏஜெண்ட் இதைப் பார்த்ததும், "பெரிய பிராப்ளம் சார், எக்ஸ்ட்ரா ஆகும்" என்பார். ஒன்றும் ஆகாது. இனிஷியல் என்பது அப்பா பெயர், நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது என்று ஒரு பக்க விளக்கம், எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம், படிவத்தில் "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் எல்லா வடிவங்களையும் ஒழுங்காக எழுதுவது. முடிந்தது. உலகம் முழுக்கத் தமிழர்கள் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

முடிச்சு விழுந்த வழக்கு

அப்படியானால் ஏஜெண்டே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சில வழக்குகளில் நாமே செய்வது சிக்கனம் இல்லை, முட்டாள்தனம்.

முன்பு ஒரு விசா மறுக்கப்பட்டிருக்கிறது. விவாகரத்தாகி, குழந்தையை உடன் அழைத்துப்போக மற்றவர் சம்மதம் வேண்டும். ஒரு போலீஸ் வழக்கு இருந்து விடுதலையாகியிருக்கிறது. வேலையின் பெயர் ஒன்று, செய்யும் வேலை வேறு. எந்தத் தொழில் பிரிவில் போவது என்றே தெரியவில்லை. இவையெல்லாம் முடிச்சுகள். எல்லாவற்றையும்விடப் பெரிய முடிச்சு, வீட்டில் ஒருவருக்கு நீண்டகால உடல்நலப் பிரச்சினை.

இங்கே கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம். அவர் தனியார் நிறுவனத்தில் இன்ஜினியர். மூத்த பையனுக்கு ஆட்டிசம். ஏஜென்சியில் சொன்ன யோசனை: "பையன் விஷயத்தை மெடிக்கல் வரைக்கும் சொல்லவேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்." அந்த அம்மா என் மனைவியிடம் சொல்லி அழுதார். "பெத்த பிள்ளையை மறைச்சு வெச்சு ஒரு ஊருக்குப் போகணுமாக்கா?"

விஷயம் இதுதான். ஆஸ்திரேலியாவில் ஒருவருடைய சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் அரசுக்கு ஆகும் செலவு ஒரு வரம்பைத் தாண்டும் என்று மருத்துவ அதிகாரி கணித்தால் உடல்நல நிபந்தனையில் தேறமாட்டார். 2024 ஜூலையில் அந்த வரம்பை 51,000 டாலரிலிருந்து 86,000 டாலராக உயர்த்தினார்கள். குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் பொதுவாக எல்லோருக்கும் மறுப்பு. சில விசாக்களில் விலக்கு கேட்கலாம், சிலவற்றில் கேட்கவே இடமில்லை. மதிப்பெண் போட்டுப் போகும் 189-இல் விலக்கு கிடையாது. முதலாளி நியமித்து அழைக்கும் விசாக்கள் சிலவற்றில் உண்டு. எந்த வாசல் வழியாகப் போவது என்று தொடக்கத்திலேயே தெரிந்திருக்கவேண்டும். இது ஸ்கேன் செய்து ஏற்றுகிற பையனுக்குத் தெரியாது. சட்டம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

அவர்கள் மெல்போர்னில் இருக்கும் ஒரு குடியேற்ற வக்கீலிடம் வீடியோவில் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர் கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னது: 189-ஐ மறந்துவிடுங்கள், மறைக்கும் யோசனையை அதற்கு முன்னால் மறந்துவிடுங்கள், முதலாளி வழியில் முயலுங்கள், பையனின் அறிக்கைகளை இந்த இந்த மாதிரி வாங்கிவையுங்கள். இன்னும் அவர்கள் போகவில்லை. போவார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா இப்போது அழுவதில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டது. இப்படிப்பட்டவருக்குக் கொடுக்கும் காசை நான் ஒருநாளும் தண்டம் என்று சொல்லமாட்டேன்.

அதனால்தான் ஒரு மணி நேர யோசனை. பதிவுபெற்ற ஆலோசகர்கள், வக்கீல்கள் பலர் இப்படித் தனியாகக் கட்டணம் வாங்கி ஆலோசனை மட்டும் சொல்கிறார்கள். போவதற்கு முன் உங்கள் கதையை இரண்டு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூச்சமான விஷயங்களை முதல் பக்கத்தில் எழுதுங்கள். சிக்கல் இல்லை என்று அவர் சொன்னால், படிவத்தை வீட்டில் உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து கஞ்சியை வீட்டில் வைத்துக் குடிப்பது மாதிரி.

கவுன்ட்டரிலிருந்து ஒரு விஷயம்

என் தொழில் சம்பந்தப்பட்டதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. கனடாவுக்குப் போகிறவர்கள் பலர் கையில் பணம் இருப்பதைக் காட்டவேண்டும். 2024-இல் நான்கு பேர் குடும்பத்துக்கு 27,297 கனடா டாலர் கேட்டார்கள். இதற்கு வங்கி தரும் கடிதத்தில் கணக்கு எப்போது தொடங்கியது, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு, அதோடு உங்கள் பெயரில் நிலுவையிலுள்ள கடன்கள், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் இருக்கவேண்டும். இந்தப் பணம் அடுத்தவரிடம் கடன் வாங்கியதாக இருக்கக்கூடாது என்பதும் விதி.

ஒருநாள் ஓர் இளைஞர், கூடவே ஏஜென்சி ஆள். பத்து நாளுக்கு முன் கணக்கில் பதினாறு லட்சம் விழுந்திருந்தது. இருப்புச் சான்று வேண்டும், பர்சனல் லோன் வரியை மட்டும் எடுத்துவிடவேண்டும் என்றார்கள். "எல்லா பிராஞ்சிலும் தர்றாங்க சார்" என்றான் கூட வந்தவன். நான் தரவில்லை. பிறகு அந்த இளைஞரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால், அந்தப் பதினாறு லட்சமே ஏஜென்சி ஏற்பாடு செய்த வட்டிப்பணம். விசா வரும்வரை நிறுத்திவைக்க மாதம் இவ்வளவு என்று பேச்சு. சராசரி இருப்பு என்ற ஒரு வரி இதை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாட்டினால் ஐந்து வருடத் தடை அவருக்கு. வட்டி மட்டும் ஏஜென்சிக்கு. போவது என்று மனதில் நினைத்த மாதத்திலிருந்தே உங்கள் பணத்தை உங்கள் கணக்கில் ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். பி.எஃப்., நகை, ஊரில் நிலம் விற்ற பணம் எதுவானாலும், வந்த வழிக்குக் காகிதம் இருக்கட்டும்.

வைப்பதென்று முடிவு செய்தால்

பதிவு எண்ணை வாங்கி, அந்த நாட்டு அரசின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் அனுப்பும் லிங்கில் பார்க்காதீர்கள். எண் யாருடையதோ அவரோடு ஒருமுறையாவது நேரில் அல்லது வீடியோவில் பேசுங்கள். முன் அறையில் உட்கார்ந்து பேசுகிறவர் பெரும்பாலும் விற்பனை ஆள்.

ஒப்பந்தம் எழுத்தில். எந்தக் கட்டத்தில் எவ்வளவு, எது திரும்ப வரும், எது வராது. மொத்தமும் முன்பணம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாகவே கொடுங்கள். அரசுக் கட்டணத்தை உங்கள் கார்டிலேயே கட்டுங்கள்.

அவர் உங்கள் பிரதிநிதி என்று அரசிடம் சொல்லச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு 956 என்றொரு படிவம், கனடாவுக்கு 5476. "அதெல்லாம் வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி போட்டுடலாம்" என்றால், பிரச்சினை வந்தால் அவர் இருக்கமாட்டார் என்று இப்போதே சொல்கிறார் என்று பொருள்.

மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். அனுப்பிய விண்ணப்பத்தின் முழுப் பிரதி உங்களிடம் இருக்கட்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுக் காசோலையில் போடுவீர்களா? "நூறு சதவீதம் கியாரண்டி" என்பவரிடம் காபி குடித்துவிட்டு வாருங்கள், போதும்.

கடைசியாக

"நேரம் இல்லை சார், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம்" என்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. காசு கொடுத்து நிம்மதி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் எந்த விதிப்படி நம்மை உள்ளே விடுகிறார்கள் என்று தெரியாமல், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு நாட்டுக்குப் போய் இறங்குவது நிம்மதியா? ஒருநாள் அந்த ஊர் அதிகாரி உங்களையோ, மனைவியையோ கூப்பிட்டு, இதில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவேண்டும். ஆகவே யார் நிரப்பினாலும், அனுப்புவதற்கு முந்தின நாள் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படியுங்கள். எங்காவது ஒரு வரியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டி வந்தால், அந்த வரியைச் சரிசெய்யாமல் அனுப்பாதீர்கள்.

டிஸ்கி: கட்டணங்களும் வரம்புகளும் மாறிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவில் பொதுவாக ஜூலை 1-ஆம் தேதி மாற்றுவார்கள். நான் போட்ட வருடங்களைப் பார்த்துக்கொண்டு, பணம் கட்டும் நாளில் அரசுத் தளத்தில் சரிபாருங்கள். என்னை நம்பியும் கட்டவேண்டாம், ஏஜெண்டை நம்பியும் கட்டவேண்டாம்.